பன்னிரண்டு மாதம், பதினோரு நாவல்: வேலூரில் ஒரு வாசிப்புக் கூட்டத்தை வருஷம் முழுக்க ஓட்டுவது எப்படி

நாங்கள் முதலில் ஆரம்பித்த கூட்டம் மூன்றே மாதத்தில் ஊத்தி மூடிக்கொண்டது. பொன்னியின் செல்வன் படம் வந்த சூட்டில் எல்லாரும் அதையே படிக்கலாம் என்றார்கள், ஐந்து பாகம், மாதத்துக்கு ஒரு பாகம், ஐந்து மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டது நான்தான், அதனால் பழியும் என் தலையில்தான். முதல் பாகத்துக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். இரண்டாவதுக்கு ஒன்பது. மூன்றாவதுக்கு நான்கு, அந்த நான்கு பேரும் பள்ளிக்கூட நாளிலேயே அதைப் படித்து முடித்தவர்கள். கல்கி மேல் ஒரு தப்பும் இல்லை. 1950இலிருந்து 1954 வரை மூன்றரை வருஷம் வாரா வாரம் தொடராக வந்து, ஜனங்கள் ஆற அமரப் படித்த கதை அது. அதை ஐந்து மாதத்தில் விழுங்கச் சொன்னால் தொண்டையில்தான் நிற்கும்.

இரண்டாவது முயற்சி ஒரு வருஷம் ஓடியது, இன்னும் ஓடுகிறது. எப்படி என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஊர் வேலூர், அதனால் வெயில், தண்ணீர், மாடு விடும் விழா எல்லாம் நடுவில் வரும். உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆள். எட்டுப் பேருக்குக் குறைந்தால் இரண்டு பேர் வராத நாளில் கூட்டம் படுத்துவிடும், பதினைந்துக்கு மேல் போனால் பாதிப் பேர் கடைசி வரை வாயே திறக்காமல் வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர். ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ் அக்கா ஒருவர், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர், ரிட்டையர்டு தலைமையாசிரியர், தோட்டப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, இரண்டு கல்லூரி மாணவிகள், ஒரு மருந்துக் கடைக்காரர், வாலாஜாவிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு அண்ணன், இப்படி. புத்தகப் புழுக்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்காதீர்கள். எல்லாவற்றையும் ஏற்கெனவே படித்து முடித்த ஒருவர் கூட்டத்துக்கு வேண்டும், இரண்டு பேர் வந்தால் அவர்கள் இருவரும் மட்டுமே பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தலைமையாசிரியர் அப்படிப்பட்டவர். நல்ல மனிதர், ஆனால் ஆரம்பித்தால் நாற்பது நிமிஷம். அவருக்கென்றே ஒரு விதி போட்டோம்: சார் கடைசியில்தான் பேசுவார். முதல் மாதம் முகம் சுருங்கியது, மூன்றாவது மாதத்தில் அவரே சொன்னார், முப்பது வருஷம் கிளாஸில் நான்தான் முதலில் பேசினேன், மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இப்போதுதான் கேட்கிறேன் என்று.

இடம், நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிர் மாதங்களில் கோட்டைப் பூங்காவில், அகழி ஓரம் புல்லில் உட்காருவோம், காசு இல்லை, ஆனால் இருட்டினால் எழுந்துவிட வேண்டும், மழைக்கு ஒதுங்க இடமும் கிடையாது. மற்ற மாதங்களில் சத்துவாச்சாரியில் ஒருவர் வீட்டு மொட்டை மாடி. டீக்கடை, ஓட்டல் வேண்டாம், பக்கத்து டேபிள் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சர்வர் பார்க்கிற பார்வையும் தாங்காது. மாதத்தில் ஒரே ஒரு நாள், அது மாறவே கூடாது. எங்களுக்கு இரண்டாவது ஞாயிறு. நர்ஸ் அக்கா அதை வைத்துத்தான் டியூட்டி மாற்றிக்கொள்கிறார். தேதியை ஒரு தடவை தள்ளிப் போட்டீர்கள் என்றால், ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்பார்.

சாப்பாட்டுக்கும் விதி வேண்டும், சிரிக்காதீர்கள். எங்களில் ஒருவருக்குப் பலகார முறை வந்தபோது ஆம்பூர் பிரியாணி போட்டுவிட்டார், அன்றைக்கு யாரும் நாவலைப் பற்றிப் பேசவில்லை என்பது ஒரு பக்கம், அடுத்த மாத முறைக்காரர் வயிற்றைக் கலக்கிப் போய் எனக்கு முறை வேண்டாமே என்று நழுவினார். அதிலிருந்து டீயும் ஒரு பலகாரமும்தான். சுண்டல் போதும். ஆற்காட்டிலிருந்து யாராவது வந்தால் மக்கன் பேடா கொண்டுவரலாம், அதற்கு மட்டும் விலக்கு.

சரி, இப்போது முக்கியமான விஷயம்: எந்த நாவல்.

பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். தலை சிறந்த நூறு நாவல் என்று ஒரு பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வருவார்கள். பட்டியலில் குற்றமில்லை, ஆனால் ஒரு நாவல் நல்ல நாவலாக இருப்பதும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசத் தோதாக இருப்பதும் வேறு வேறு. நாங்கள் பார்ப்பது மூன்று: முடிக்க முடியுமா, அந்த மாதத்துக்கு ஒத்துவருமா, படித்தவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாமல் இருக்க அதில் இடம் இருக்கிறதா. கடைசியில் சொன்னதுதான் முதலில் பார்க்க வேண்டியது. எல்லாரும் அருமை என்று சொல்லிவிட்டால் கூட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், மீதி நேரம் பெட்ரோல் விலைதான்.

பக்கக் கணக்கு எளிது. 220 பக்க நாவல் என்றால் நாளைக்கு ஏழெட்டுப் பக்கம், காட்பாடி ஜங்ஷனிலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற நேரத்தில் முடிந்துவிடும். 250க்கு மேல் போகிற புத்தகத்துக்கு இரண்டு மாதம் கொடுங்கள், அல்லது இரண்டாம் வருஷத்துக்குத் தள்ளுங்கள். விஷ்ணுபுரம், காவல் கோட்டம் மாதிரி தடி நாவல்கள் எல்லாம் முதல் வருஷத்துக்கு ஆகாது. மே மாதத்துக்கு இன்னும் சின்னதாக வேண்டும். 42 டிகிரியில் கரண்ட் போன மத்தியானம் யாரும் 400 பக்கம் படிக்க மாட்டார்கள், பொய் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஏப்ரலை நாங்கள் விட்டே விட்டோம். வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளைகள், மார்ச் முடிந்த கணக்கு வழக்கு, வெயில் ஆரம்பம். தலைப்பில் பதினோரு நாவல் என்று இருப்பது அதனால்தான்.

பிரதி வாங்குவதற்குச் சரியான சமயம் ஜனவரி. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கும், 10 சதவீதம் கழிவு உண்டு, காட்பாடியில் ரயில் ஏறினால் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம். இரண்டு பேரை ஆளுக்கு ஒரு பெரிய பையோடு அனுப்புங்கள், ஒருவரை அனுப்பினால் அவருக்குப் பிடித்த புத்தகமாகத் தூக்கிக்கொண்டு வருவார். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பிரதி வேண்டாம். நாங்கள் ஒவ்வொரு நாவலிலும் ஐந்து வாங்கினோம், பணத்தை எல்லாரும் பங்கு போட்டோம். முதல் பதினைந்து நாள் ஐந்து பேர், அடுத்த பதினைந்து நாள் ஐந்து பேர், மீதிப் பேருக்கு மாவட்ட மைய நூலகமும் கிண்டிலும். ஐந்து பிரதியும் ஒரு துணிப் பையில் சுற்றும். தையல் அக்கா தைத்துக் கொடுத்த பை அது. அந்தப் பையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதைச் செய்யாவிட்டால் கூட்டத்தில் பாதி நேரம் வீணாகும்: பக்க எண்ணைச் சொல்லாதீர்கள், அத்தியாயத்தைச் சொல்லுங்கள். பழைய நாவல்களுக்கு நாலைந்து பதிப்பு இருக்கும், கல்கி மாதிரி நாட்டுடைமையான எழுத்தாளர்களுக்குக் கேட்கவே வேண்டாம், ஆளுக்கு ஒரு பதிப்பகம் போட்டிருப்பார்கள். உன் 84ஆம் பக்கம் என் 102.

இனி எங்கள் வருஷம் எப்படிப் போனது என்று சொல்கிறேன், அதிலிருந்தே எப்படிப் பொருத்துவது என்று புரியும்.

ஜனவரிக்கு சி.சு. செல்லப்பாவின் வாடிவாசல். 1959இல் வந்தது, நூறு பக்கம்கூட இருக்காது, ஒரே சாயங்காலம் நடக்கிற கதை. அப்பனைக் கொன்ற காளையை ஜல்லிக்கட்டில் அணைக்க வருகிறான் பிச்சி. படிக்கிற பழக்கம் இல்லாதவர்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும், முதல் மாதத்துக்கு அதுதான் வேண்டும், முடித்துவிட்டோம் என்கிற தெம்பு. இங்கே எங்களுக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. வேலூர், திருப்பத்தூர்ப் பக்கம் மாட்டை அணைக்கிற வழக்கம் கிடையாது. எங்களுடையது மாடு விடும் விழா, தெருவில் இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி மாட்டை ஓட விடுவார்கள், குறைந்த நொடியில் எல்லையைத் தொட்ட மாட்டுக்குப் பரிசு. ஷூ கம்பெனிக்காரர் ஊரில் அவருடைய மாமா மாடு வளர்க்கிறார். மாட்டைத் தொட்டு அடக்கினால்தான் வீரமா, எங்க மாட்டை எவனும் தொடக்கூட முடியாது என்பதுதான் எங்களுக்குப் பெருமை என்று அவர் ஆரம்பித்தார் பாருங்கள், மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த ஒருவர் பதிலுக்கு எழுந்தார், அகழித் தண்ணீரில் இருந்த கொக்கெல்லாம் பறந்தது. பேச்சு நாவலை விட்டு எங்கேயும் போகவில்லை என்பதுதான் ஆச்சரியம். காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தாருக்கு அந்தக் காளை யார், பிச்சிக்கு யார் என்றே சுற்றிச் சுற்றி வந்தது.

பிப்ரவரியில் தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள், 1966. மகனை வேதம் படிக்க அனுப்பித் தன் பாவத்தைக் கழுவிக்கொள்ள நினைக்கிற அலங்காரத்தம்மாள். இதைக் கூட்டத்தின் இரண்டாம் மாதத்திலேயே வைத்தது தைரியமா முட்டாள்தனமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆண்கள் முக்கால் மணி நேரம் அந்த அம்மாளை நிற்க வைத்து விசாரித்தார்கள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத தையல் அக்கா, "இன்னாத்துக்கு எல்லாரும் அந்தம்மாவையே திட்டினு கீறீங்க, அந்த வூட்டு ஆம்பள இன்னா பண்ணிகினு இருந்தான்?" என்று கேட்டார். அவ்வளவுதான், எல்லாரும் தண்டபாணியைத் தேடிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். உங்கள் கூட்டத்தில் இப்படி ஒரு கேள்வி விழுந்தால், நடத்துகிறவர் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லது.

மார்ச் மாதம் வண்ணநிலவனின் கடல்புரத்தில். சின்ன நாவல், அழகான நாவல், எல்லாருக்கும் பிடித்தது, முன்னே சொன்ன மாதிரி பேச ஒன்றும் இல்லாமல் போய் பிலோமியைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுச் சுண்டல் தின்றோம்.

மே மாதத்துக்கு அசோகமித்திரனின் தண்ணீர். 1973இல் வந்தது, சென்னையில் ஒரு தெரு, குழாயில் தண்ணீர் வராத காலம், ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா. இந்தப் புத்தகத்தை அக்டோபரில் கொடுத்திருந்தால் சும்மா ஒரு புத்தகமாகப் போயிருக்கும். மே மாதத்தில், லாரி எப்போது வரும் என்று தெருவில் குடம் வரிசை கட்டி நிற்கிற ஊரில் கொடுத்தோம். ஒரு மாணவி, தண்ணீர் வந்ததும் ஓடிவிட்டேன், புத்தகத்தைக் குடத்தின் மேல் வைத்துவிட்டேன் என்று நனைந்து உப்பிய பிரதியோடு வந்தாள். பாலாறு என்ற பெயரை வைத்துக்கொண்டு மணலைப் பார்க்கிற ஊர் இது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனபோது, ஜனங்கள் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள், அவ்வளவு அபூர்வம். இத்தனைக்கும் அன்றைய கூட்டம் மந்தமாகத்தான் நடந்தது. சோகமாக இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை, முடிவு முடிவாக இல்லை என்றார்கள். பத்துக்கு ஆறு மதிப்பெண். இந்த ஆறை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் பூமணியின் வெக்கை, 1982. அசுரன் படத்துக்கு மூலக்கதை இதுதான் என்று தெரிந்ததும் இளவட்டங்கள் பாய்ந்து படித்தார்கள். படம் வந்த நாவலைக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: படத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிற ஒருவர் இருப்பார், தைரியமாகப் பேசவும் செய்வார். எங்களில் ஒருவர் மாட்டிக்கொண்டது இப்படித்தான், தனுஷ் பேசுகிற வசனத்தைச் சொல்லி இந்த இடம் நாவலில் பிரமாதம் என்றார். நாவலில் மையம் அந்தச் சிறுவன் செலம்பரம், அப்பா பக்கத்தில் வருகிறார். கேலி செய்யாமல் இதையே பேச்சாக்கினோம்: சிறுவனுடைய கதை ஏன் சினிமாவில் அப்பாவுடைய கதையாக மாறியது? நல்ல மாலை அது. பத்துக்கு ஒன்பது.

ஜூலையில் மு. வரதராசனின் அகல் விளக்கு. 1961இல் சாகித்திய அக்காதெமி பரிசு வாங்கிய நாவல், வாலாஜாவும் பாலாறும் அதில் வருகின்றன, மு.வ. இந்த மண்ணுக்காரர். ஒவ்வொரு வாசிப்புக் கூட்டமும் வருஷத்தில் ஒரு தடவையாவது சொந்த ஊர்க் கதையைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஊர்ப் பாசத்தை மதிப்பெண்ணாகப் போடாதீர்கள். அழகும் அறிவும் இருந்தும் கெட்டுப்போகிற சந்திரன், சுமாராக இருந்து நிமிர்ந்து நிற்கிற வேலய்யன், நடுவில் நிறையப் புத்திமதி. மாணவிகள் இருவரும் இது நாவலா, பாடமா என்று கேட்டுவிட்டார்கள். சாருக்குக் கோபம். வாலாஜா அண்ணன் மட்டும், புத்திமதியெல்லாம் தாண்டிவிட்டு ஆறு வருகிற இடத்தை மட்டும் திரும்பப் படித்தேன் என்றார், எனக்கும் அதுவே.

ஆகஸ்டில் கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம், 1976. இதை வாயால் படிக்க வேண்டும். தெலுங்கு பேசும் ஜனங்கள் சென்னாதேவி என்கிற பெண்ணைக் காப்பாற்றத் தெற்கே ஓடி வந்து, காட்டை அழித்துக் கரிசலில் ஊர் கட்டுகிற கதை. சித்தூர் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, எங்களில் மூன்று பேர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள், ஆனால் கரிசல் பேச்சு யாருக்கும் பழக்கமில்லை. முதல் பத்துப் பக்கம் ஓடவில்லை என்று வாட்ஸப்பில் புலம்பல். மருந்துக் கடைக்காரர் மூன்று நிமிஷம் சத்தமாகப் படித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார், அதற்கப்புறம் எல்லாரும் சரசரவென்று போய்விட்டார்கள். வட்டார வழக்கு நாவல் எதைக் கொடுத்தாலும் இதைச் செய்யுங்கள். காதில் ஒரு தடவை விழுந்துவிட்டால் கண்ணுக்கு வழி தெரிந்துவிடும். நவம்பரில் தோப்பில் முகமது மீரானின் ஒரு கடலோரக் கிராமத்தின் கதை படித்தபோதும் இதுதான் காப்பாற்றியது. அதில் வருகிறது குமரிக் கடற்கரை முஸ்லிம்களின் தமிழ், மலையாள வாடையோடு. எங்கள் கூட்டத்தில் இருக்கும் முஸ்லிம் நண்பர் வீட்டில் உருது பேசுகிறவர், அவருக்கே அகராதி தேவைப்பட்டது. நம்ம ஆளுங்க கதைதான், ஆனா ஒரு வரியும் நம்ம வூட்டுப் பேச்சு இல்லையே என்று சிரித்தார். முஸ்லிம் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு அன்றைக்கு ஒரு பாடம்.

செப்டம்பர்தான் கஷ்டமான மாதம். இமையத்தின் கோவேறு கழுதைகள், 1994. தலித்துகளுக்கே துணி வெளுக்கிற வீட்டுப் பெண் ஆரோக்கியத்தின் கதை, ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒடுக்குமுறை இருப்பதை எழுதியதால் வந்த காலத்திலேயே விவாதம் கிளம்பிய நாவல். ஷூ கம்பெனிக்காரர் இரண்டு அத்தியாயம் படித்துவிட்டு எனக்கு போன் செய்து, இது எங்க ஆயா பேசற பேச்சு சார் என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர், இப்பல்லாம் எங்கே சார் ஜாதி என்று ஆரம்பித்தார். உங்கள் கூட்டத்திலும் யாராவது இதைச் சொல்வார்கள், தயாராக இருங்கள். நீங்கள் பிரசங்கம் செய்யக் கூடாது, அவரை அடக்கவும் கூடாது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, சூடு ஏறினால் யார் வேண்டுமானாலும் எந்த இடம் என்று கேட்கலாம், கேட்டால் பேசுகிறவர் புத்தகத்தில் அந்த இடத்தைக் காட்டிப் படித்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். நர்ஸ் அக்கா கேட்டார். எங்கே ஜாதி என்றவர் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார், கடைசியில் ஆரோக்கியம் கூலித் தானியத்துக்காக வீடு வீடாக நிற்கிற இடம் ஒன்றைத் தானே சத்தமாகப் படித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அடுத்த மாதமும் வந்தார், அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அக்டோபரில் ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள். இதற்கு முன்னால் அக்னிப் பிரவேசம் சிறுகதையைப் படிக்கச் சொல்லுங்கள், சின்னக் கதைதான். சிறுகதையில் அம்மா மகள் தலையில் தண்ணீர் ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள், அப்படிச் சொல்லாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்து நாவல் கிளம்புகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. டிசம்பரில் பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் தகப்பன் கொடி, நிலம் கையை விட்டுப் போன தலித் குடும்பத்தின் கதை, நம் பக்கத்து மண், நம் பக்கத்துப் பேச்சு. மு.வ. எழுதிய வடஆற்காடும் இவர் எழுதுகிற வடஆற்காடும் ஒரே மாவட்டமா என்று ஒரு மாணவி கேட்டாள். ஜூலைக்கும் டிசம்பருக்கும் நடுவில் அந்தக் கேள்வி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. அடுத்த வருஷம் திட்டமிட்டே செய்யப் போகிறோம், ஒரே ஊரை இரண்டு பேர் எழுதின இரண்டு நாவல்.

கூட்டத்தை நடத்துகிற முறை பற்றி இன்னும் கொஞ்சம். பிடித்ததா என்று ஆரம்பிக்காதீர்கள். பிடித்தது என்பார்கள், முடிந்தது. நாங்கள் கேட்பது, எந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தீர்கள் என்று. தூக்கம் வந்து கவிழ்த்ததும் கணக்கு, தாங்க முடியாமல் கவிழ்த்ததும் கணக்கு. எல்லாரும் ஒரு சுற்று இதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், ஆளுக்கு ஒரு நிமிஷம், நடுவில் யாரும் புகக் கூடாது. இதில் ஒரு வசதி என்னவென்றால், பாதிதான் படித்தவரும் உண்மையைச் சொல்லலாம், அவர் கவிழ்த்து வைத்த இடம்தான் அது. படிக்காமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். வெட்கப்பட்டு ஒரு மாதம் நின்றவர் மூன்று மாதம் நிற்பார், அப்புறம் வரவே மாட்டார். ஆனால் முடிவைச் சொல்லாதே என்று மற்றவர்களைக் கெஞ்ச அவருக்கு உரிமை கிடையாது.

வாட்ஸப் குழு தேவைதான், குட் மார்னிங் பூக்களும் அரசியல் ஃபார்வர்டும் வந்தால் ஒரு தடவை சொல்லுங்கள், இரண்டாம் தடவை நீக்குங்கள். யாராவது திருட்டு பிடிஎஃப் போடுவார்கள். வேண்டாம். நூலகம் இருக்கிறது, பை இருக்கிறது.

இனி வருஷக் கடைசி. பிடித்த நாவலைத் தேர்ந்தெடுப்பதற்கு எங்களிடம் ஒரு நோட்டு இருந்தது, ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் ஆளுக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வைத்தோம். கூட்டிப் பார்த்தால் வெக்கை முதல், வாடிவாசல் இரண்டாவது, தண்ணீர் கடைசிக்கு முந்தினது. சரி என்று மூடிவைக்கப் போனபோது நர்ஸ் அக்கா தடுத்தார், அன்னைக்குப் போட்ட மார்க்கு அன்னைக்குப் பேசின பேச்சுக்குப் போட்டது, புத்தகத்துக்கு இல்லை என்றார். அதனால் நோட்டைப் பார்க்காமல், ஜனவரி இரண்டாவது ஞாயிறு, ஆளுக்கு மூன்று சீட்டு கொடுத்தோம். நிபந்தனை ஒன்றுதான்: போன ஆறு மாதத்தில் கூட்டத்துக்கு வெளியே, வீட்டிலோ வேலை இடத்திலோ, நீங்களாக ஒரு தடவையாவது பேச்சில் இழுத்த நாவல்களுக்குத்தான் ஓட்டு. டிசம்பர் நாவலுக்கு இதில் அநியாயம் நடக்கும், அதனால் அதை மட்டும் அடுத்த வருஷக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டைப் பிரித்தால் தண்ணீர் முதலில் வந்தது. பன்னிரண்டில் ஒன்பது பேர். அடுத்தது கோவேறு கழுதைகள், எட்டு. கோபல்ல கிராமமும் வெக்கையும் ஆளுக்கு ஐந்து. அம்மா வந்தாளுக்கு மூன்று, மூன்றும் பெண்கள் போட்டது. ஒன்றும் நடக்கவில்லை என்று மே மாதத்தில் சொன்னவரையே ஏன் என்று கேட்டோம். குழாயில் காத்து மட்டும் வரும்போதெல்லாம் அந்த டீச்சரம்மா ஞாபகம் வருது சார் என்றார், இவ்வளவு கஷ்டத்தில் அந்தம்மா அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு நிற்கிறாளே என்று. அகல் விளக்குக்கு ஒரே ஓட்டு. யார் போட்டது என்று எல்லாருக்கும் தெரியும், சார் பார்வையை மேலே வைத்துக்கொண்டு டீ குடித்தார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, சீட்டுக் குலுக்காமலே பார்த்துக்கொள்ளலாம். வருஷக் கடைசியில் துணிப் பையைக் கொட்டி எண்ணுங்கள். பதினோரு நாவல், ஐந்தைந்து பிரதி, 55 இருக்க வேண்டும். எங்களிடம் 46 இருந்தது. வராதது ஒன்பது, அதில் நான்கு தண்ணீர், மூன்று கோவேறு கழுதைகள், ஒரு வெக்கை, ஒரு வாடிவாசல். கடல்புரத்தில் ஐந்தும் மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருந்தது. தண்ணீரில் ஒன்று நர்ஸ் அக்காவின் மாமியாரிடம், ஒன்று ஷூ கம்பெனி தையல் செக்ஷனில் யாரிடமோ, ஒன்று குடத்து மேல் நனைந்தது, அதை அந்த மாணவி தர மாட்டேன் என்கிறாள். நான்காவது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த ஜனவரியில் சென்னைக்குப் போகிறவர்களிடம் எழுதிக் கொடுத்த சீட்டில் முதல் வரி அதுதான்: தண்ணீர், நான்கு பிரதி.